டிஸ்க் எந்த வேகத்தில் பேசுது?

போன ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்னால், ராத்திரி எட்டரை மணிக்கு, கடையைச் சாத்தப் போகிற நேரத்தில் ஸ்டூடியோ அண்ணாச்சி வந்தார். காலண்டர் டிசைன் செய்கிறவர். கையில் ஒரு 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்.

சிவகாசிக்காரர்களுக்கு அவர் அவசரத்தை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவது இங்கே வழக்கம். அதற்கு முந்தைய பத்து நாட்கள் டிசைன் ஸ்டூடியோக்களில் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

"தம்பி, இந்த டிஸ்க் சாகப் போகுது. நானூறு ஜிபி காப்பி பண்ண மூணு மணி நேரத்துக்கு மேல ஆகுது. மார்ச்சுல இதே வேலை ஒரு மணி நேரத்துல முடிஞ்சுச்சு. புதுசு ஒண்ணு குடு, பேச நேரமில்ல."

குடுத்திருக்கலாம். கல்லாவுக்கும் நல்லது. ஆனால் டிஸ்க்கை வாங்கி என் மெஷினில் சொருகிப் பார்த்தேன். ஒரு பெரிய ஃபைலை இழுத்துப் போட்டால் நொடிக்கு 110 எம்பி போகிறது. நோயே இல்லை.

"அண்ணாச்சி, நீங்க ஸ்டூடியோவுல எப்படி சொருகுவீங்களோ, அதே மாதிரி இதுல சொருகுங்க."

அவர் டிஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி இடது கையில் ஏந்திக்கொண்டார். வலது கையால் நீலப் பிளக்கை எடுத்து, ஊசியில் நூல் கோர்ப்பதுபோல மெதுவாக, மிக மெதுவாக உள்ளே தள்ளினார். மறுபடி அதே ஃபைலைக் காப்பி செய்தேன். நொடிக்கு 35 எம்பி.

"இப்ப உருவிட்டு, சட்டுனு ஒரே தள்ளா தள்ளுங்க."

110.

அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மந்திரவாதியைப் பார்ப்பதுபோல அல்ல, ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல. நாலு தடவை அவரே உருவிச் சொருகிப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.

நடந்தது இதுதான். நீல நிறத்தில் இருக்கிற யூஎஸ்பி 3 பிளக்குக்குள் எட்டிப் பாருங்கள். முன்வரிசையில் நாலு தகடு இருக்கும். அது 2000ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2 காலத்து ஏற்பாடு. உள்ளே தள்ளி, பின்வரிசையில் இன்னும் ஐந்து தகடு. அவைதான் 2008ல் வந்த யூஎஸ்பி 3க்கான புது வழி. மெதுவாகச் சொருகினால் முன்வரிசை முதலில் தொடும். கரன்ட் வந்துவிடும், டிஸ்க் விழித்துக்கொள்ளும். புது வழியில் யாராவது இருக்கிறார்களா என்று கைநீட்டிப் பார்க்கும். பின்வரிசை இன்னும் தொடவில்லையே, யார் இருப்பார்கள்? சரி, எதிரில் இருப்பது பழைய கம்ப்யூட்டர் என்று முடிவு கட்டிக்கொண்டு பழைய வழியில் பேச ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் பிளக் முழுவதும் உள்ளே போனாலும், முடிவு செய்தது செய்தபடியே நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். புது வழியில் நொடிக்கு 5 ஜிகாபிட், பழைய வழியில் 480 மெகாபிட். அண்ணாச்சியின் மூன்று மணி நேரம் அங்கே இருந்தது.

ஒரு எழுத்துகூட திரையில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்த மெஷினும் "நான் பழைய வழியில் பேசுகிறேன்" என்று சொல்லவில்லை. டிஸ்க் வந்தது, ஃபோல்டர் திறந்தது, எல்லாம் நல்லபடியாகத் தெரிந்தது.

இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். டிஸ்க்குகள் தாங்களே பேசி முடிவு செய்துகொள்ளக் கற்றுக்கொண்டதைக் கண் முன்னால் பார்த்தவன். அதில் எனக்கு நன்றியும் உண்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

2001ல் மதுரையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி முதல் நாள் என் கையில் கொடுத்தது ஸ்குரூடிரைவர் இல்லை, ஒரு தீப்பெட்டி. உள்ளே அரிசி அளவுக்குக் கறுப்பாகச் சின்னச் சின்னத் துண்டுகள். ஜம்பர். பிளாஸ்டிக் தொப்பிக்குள் ஒரு உலோகத் தகடு, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கின் பின்னால் இருக்கும் ஊசிகளில் இரண்டை இது சேர்த்துப் பிடித்தால் அந்த டிஸ்க் மாஸ்டர், அதாவது ஒரே கேபிளில் தொங்கும் இரண்டில் முதலாவது. வேறு இரண்டைச் சேர்த்தாலோ, எதையும் சேர்க்காமல் விட்டாலோ ஸ்லேவ், இரண்டாவது. எந்த இரண்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் படம் போட்டிருப்பார்கள். லேபிள் கிழிந்திருந்தால் தெய்வம் விட்ட வழி.

ஒரே ரிப்பன் கேபிளில் 20 ஜிபி டிஸ்க்கும் சிடி டிரைவும் தொங்கும். முதல் வாரமே இரண்டையும் மாஸ்டர் ஆக்கிவிட்டேன். மெஷின் தேடித் தேடி நின்றுபோனது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், ஒரு உறையில ரெண்டு கத்தி எப்படிடா நிக்கும்?" என்றார். ஜம்பரை மாற்றினேன். ஓடியது. தப்பு செய்தால் ஓடாது, சரி செய்தால் ஓடும். நடுவில் ஒன்றும் கிடையாது.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு இன்னும் கொடுமை. டிஸ்க்கில் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், எத்தனை செக்டர் என்று லேபிளைப் பார்த்து பயாஸில், அதாவது மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராமில், கையால் அடிக்க வேண்டும். எங்கள் காலத்தில் 'ஆட்டோ டிடெக்ட்' வந்துவிட்டிருந்தது. கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்கும், டிஸ்க் 512 பைட்டில் தன் ஜாதகத்தையே எழுதிக் கொடுக்கும்: பெயர், சீரியல் எண், கொள்ளளவு, எந்தெந்த வேகத்தில் பேசத் தெரியும், எல்லாம். இன்றைக்கு சாட்டா என்கிற பிந்தைய வகை இணைப்பில் வரும் டிஸ்க்கில் மாடல் பெயர் திரையில் தெரிகிறதே, அதுவும் அதே ஜாதகத்திலிருந்து வருவதுதான்.

ஜம்பரில் மூன்றாவதாக ஒரு இடம் உண்டு, கேபிள் செலக்ட் என்று. அதில் போட்டால் டிஸ்க் தன் நிலையைத் தானே தெரிந்துகொள்ளும். கேபிளில் 28ஆம் நம்பர் கம்பி தரையோடு (கிரவுண்டோடு) சேர்ந்திருந்தால் நான் மாஸ்டர், அறுந்திருந்தால் நான் ஸ்லேவ். எண்பது கம்பி கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கடைசியில் இருக்கும் கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. நல்ல யோசனைதான். எங்கள் கடையில் ஒருத்தரும் அதை நம்பவில்லை. பந்தியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை வைத்து மாப்பிள்ளை யார் என்று முடிவு செய்கிற மாதிரி இருக்கிறது என்பார் முதலாளி.

அப்புறம் ஸ்கசி என்கிற இன்னொரு வகை இணைப்பு. மதுரையிலும் இங்கேயும் பழைய மேக் வைத்திருந்த டிடிபிக்காரர்களிடம்தான் அதைப் பார்த்தேன். ஒரே சங்கிலியில் டிஸ்க், ஸ்கேனர், பெரிய ஃப்ளாப்பி மாதிரியான ஜிப் டிரைவ் எல்லாம் கோர்த்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஒரு நம்பர். 7 பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஸ்கசி கார்டுக்கே போய்விடும். ஜிப் டிரைவின் பின்னால் 5 அல்லது 6, இரண்டில் ஒன்றுதான் வைக்க முடியும். சங்கிலியின் இரண்டு முனையிலும், சிக்னல் முட்டித் திரும்பாமல் தடுக்கும் டெர்மினேட்டர் போட்டே ஆக வேண்டும், நடுவில் போடவே கூடாது. இந்த நம்பர் தகராறை ஒழிக்க, கருவிகள் தாங்களே நம்பர் எடுத்துக்கொள்ளும் ஒரு முறையை ஸ்கசிக்காரர்கள் கொண்டுவந்தார்கள். 'ஸ்கசி கான்ஃபிகர்ட் ஆட்டோமேட்டிக்லி' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குப் பெயர் வைத்தார்கள்: ஸ்கேம். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பெயரே அதுதான். மோசடி என்று தங்கள் கண்டுபிடிப்புக்கு யாராவது பெயர் வைப்பார்களா? அது பின்னாளில் வழக்கொழிந்தும் போனது.

இதெல்லாம் பழங்கதை. தானே முடிவு செய்துகொள்ளும் டிஸ்க் என்னை முதன்முதலாக ஏமாற்றியது 2004ல்.

அப்போதுதான் சிவகாசிக்கு வந்து சொந்தமாகக் கடை போட்டிருந்தேன். ஒரு டிடிபி சென்டரில் விண்டோஸ் எக்ஸ்பி மெஷின். திடீரென்று படுத்துவிட்டது. மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது, பாட்டு திக்குகிறது, சின்ன ஃபைல் காப்பி செய்தால்கூட பிராசஸர் நூறு சதவீதம் காட்டுகிறது. வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். பறந்தது. முந்நூறு ரூபாய் வாங்கினேன். மூன்று வாரத்தில் மறுபடி படுத்தது. மறுபடி ஃபார்மட். இந்தத் தடவை பாதிப் பணம். மறுபடி மூன்று வாரம். அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நான்தான் வெட்கத்தை விட்டுப் போய், பணம் வேண்டாம், என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், ஐடிஇ சேனலுக்குள், அதாவது ரிப்பன் கேபிள் போகும் வழிக்குள், ஒரு வரி: இப்போதைய முறை, பிஐஓ. அப்படியென்றால் டிஸ்க்கிலிருந்து மெமரிக்குப் போகிற ஒவ்வொரு துணுக்கையும் பிராசஸரே சுமக்கிறது என்று அர்த்தம். டிஎம்ஏ முறையில் பிராசஸருக்கு அந்தக் கூலி வேலை கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு விதி இருந்தது. டிஸ்க்கோடு பேசும்போது மொத்தமாக ஆறு பிழை வந்துவிட்டால், வேகத்தில் ஒரு படி இறங்கும். பிழை தொடர்ந்தால் அடுத்த படி. கடைசிப் படி பிஐஓ. இறங்குவதற்குத்தான் விதி இருந்ததே தவிர, நிலைமை சரியானால் ஏறுவதற்குத் தானாக ஒரு வழி இல்லை. அந்த ஐடிஇ சேனலை டிவைஸ் மேனேஜரில் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால்தான் மறுபடி முதலிலிருந்து பேசும். நான் ஃபார்மட் அடித்தபோதெல்லாம் மெஷின் பறந்ததற்குக் காரணம் விண்டோஸ் புதிதாக வந்தது அல்ல, கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது.

பிழை எங்கிருந்து வந்தது? கேபிளை உருவிப் பார்த்தேன். கேபினட் மூடி கடித்து, ஓரத்தில் தோல் நைந்து இருந்தது. எழுபது ரூபாய்க் கேபிள்.

இதில் ஒரு வேடிக்கை. அதே காலத்து மதர்போர்டுகள் பலவற்றில், எண்பது கம்பி கேபிளுக்குப் பதில் பழைய நாற்பது கம்பி கேபிளைப் போட்டால், ஆன் செய்ததுமே திரையில் ஒரு வரி வரும்: எண்பது கம்பி கேபிள் இல்லை என்று. நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போக மாட்டேன் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். இதை நான் மரியாதை என்பேன். பின்னாளில் வந்த கருவிகளுக்கு இந்த மரியாதை இல்லை.

2003ல் சாட்டா வந்தது. ரிப்பன் போய், சிவப்பு நிறத்தில் ஒல்லியான கேபிள். ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க், ஆகவே மாஸ்டரும் இல்லை ஸ்லேவும் இல்லை. தீப்பெட்டியை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன்.

சாட்டா டிஸ்க் ஒன்றுக்கு கரன்ட் போனதும் நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். டேட்டா பேச இரண்டு பேருக்கும் பொதுவான வேகம் ஒன்று வேண்டும். அந்த வேகத்தை முடிவு செய்யவே முதலில் பேச வேண்டும். கோழியா முட்டையா கதை. அதனால் முதலில் வார்த்தையே கிடையாது, தட்டல்தான். கதவைத் தட்டுவதுபோல, நடுநடுவே குறிப்பிட்ட இடைவெளி விட்டுச் சிக்னல் வெடிப்புகள். கம்ப்யூட்டர் ஒரு தினுசாகத் தட்டும், டிஸ்க் இன்னொரு தினுசாகத் திருப்பித் தட்டும், அப்புறம் இருவரும் எழுந்துகொள்ளச் சொல்லி ஒரு தட்டு. இடைவெளியை அளந்துதான் என்ன தட்டல் என்று புரிந்துகொள்கிறார்கள். அது முடிந்ததும் டிஸ்க் தனக்குத் தெரிந்த ஆக அதிக வேகத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கம்ப்யூட்டருக்குப் புரிந்தால் அதே வேகத்தில் திருப்பிச் சொல்லும், முடிந்தது. புரியவில்லை என்றால்? டிஸ்க் சுமார் 54 மைக்ரோநொடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் ஒரு படி கீழே. 6 ஜிகாபிட்டிலிருந்து 3க்கு, 3லிருந்து 1.5க்கு. எம்பி கணக்கில் 600, 300, 150.

எல்லாம் நீங்கள் கண் சிமிட்டுவதற்குள். ஆனால் பேரம் பேசுகிற மாதிரிதான். சந்தையில் நாம் விலையைக் குறைத்துக் கேட்போம், இங்கே விற்பவரே தானாக இறங்கி வருகிறார்.

இந்தப் பேரம் ஆரம்பத்தில் எல்லா மதர்போர்டிலும் சரியாக நடக்கவில்லை. 3 ஜிகாபிட் டிஸ்க்குகள் வந்த புதிதில், முதல் தலைமுறை சிப்செட் சிலவற்றில் போட்டால் டிஸ்க் இருப்பதே தெரியாது. பேரத்தில் இறங்கிவரத் தெரியாத கோளாறு. அதற்கு டிஸ்க் கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? டிஸ்க்கின் பின்னால் நாலு ஊசி வைத்து, இரண்டைச் சேர்த்தால் 1.5லேயே நிற்கும்படி செய்தன. ஜம்பர்! டிராயரில் தேடித் தீப்பெட்டியை வெளியே எடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் அற்பமானதுதான்.

சரி, இப்போது நான் சொல்ல விரும்பாத கதை.

2009ல் ஒரு ஆஃப்செட் பிரஸ் முதலாளியின் மெஷின் வந்தது. 500 ஜிபி டிஸ்க். ஃபோட்டோஷாப்பில் சேவ் கொடுத்தால் சில நேரம் பத்து நொடி அப்படியே உறைந்து நிற்கும், பிறகு ஓடும். டிஸ்க்கின் ஆரோக்கியக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 199ஆம் வரியில் பிழை எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பிழை என்ற சொல்லைப் பார்த்ததும், டிஸ்க் போகப் போகிறது, மாற்றிவிடுங்கள் என்றேன். புது டிஸ்க், விண்டோஸ், டேட்டா மாற்றும் கூலி, எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேல் ஆனது. புது டிஸ்க் போட்டபோது கையோடு ஒரு புதுக் கேபிளும் போட்டேன், பழசு தூசியாக இருந்ததால். மெஷின் சரியாகிவிட்டது. நான் சொன்னதுதான் சரி என்று எனக்கும் நம்பிக்கை, அவருக்கும் நம்பிக்கை.

பழைய டிஸ்க்கை அவர் என்னிடமே விட்டுவிட்டார். சும்மா கிடக்கிறதே என்று கடை மெஷினில் பாட்டு, படம் போட்டு வைக்க மாட்டினேன். ஒரு மாதம் ஆச்சு, ஆறு மாதம் ஆச்சு, ஒரு தடவை உறையவில்லை. 199ஆம் வரியைத் திறந்து பார்த்தேன். நான் முதலில் பார்த்த அதே எண். ஒன்றுகூட ஏறவில்லை.

199 என்பது தட்டில் எழுதும்போது வரும் பிழை அல்ல. கேபிள் வழியாகப் போகும்போது சேதி கெட்டுப்போய், கூட்டிக் கழித்துச் சரிபார்த்ததில் கணக்கு உதைத்த தடவைகள். ஏறியது ஏறியதுதான், கேபிளை மாற்றினாலும் எண் இறங்காது. ஆனால் மேலே ஏறுவது நின்றுவிடும். அவருடைய பழைய கேபிளைக் குப்பைப் பெட்டியிலிருந்து தேடி எடுக்க முடியவில்லை. வேறொரு நைந்த கேபிளைப் போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் பூட் செய்தேன். அதுதான் உள்ளே நடப்பதை உளறிக்கொட்டும். இணைப்பை மறுபடி ஆரம்பிக்கிறேன், மறுபடி ஆரம்பிக்கிறேன், வேகத்தை 1.5 ஆகக் குறைக்கிறேன் என்று வரிசையாக வந்தது. குறைத்த பிறகு அமைதி. அந்த நைந்த கேபிளிலும் 1.5ல் ஒழுங்காகவே ஓடியது.

அந்த முதலாளியிடம் போய்ச் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது. அவர் திட்டவில்லை. "போகட்டும் தம்பி, புதுசு புதுசுதானே" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த டிஸ்க் என் கடையில் இன்னும் ஆறு வருஷம் ஓடியது.

முன்பெல்லாம் தப்பு செய்தால் மெஷின் ஓடவே ஓடாது, நாமும் உடனே தேடுவோம். இப்போது தப்பு என்றால் மெதுவாக ஓடும், நாமும் பழகிவிடுவோம். இதுதான் என் வயிற்றெரிச்சல். கருவி தானே முடிவு செய்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. நாற்பது வயதுக்கு மேல் குனிந்து ஜம்பர் தேட யாருக்கு ஆசை? முடிவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யக் கூடாதா என்பதுதான்.

எஸ்டி கார்டு இந்த விஷயத்தில் கொஞ்சம் யோக்கியம். கல்யாண ஃபோட்டோகிராபர்கள் அடிக்கடி கொண்டுவருவார்கள், ரீடரில் எடுக்கவில்லை என்று. அந்தத் துக்கடா கார்டும் பேச்சுவார்த்தை நடத்தித்தான் வேலைக்கு வருகிறது. ஆரம்பத்தில் 400 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, டேட்டாவுக்கு ஒற்றைக் கம்பி. ரீடர் அதனிடம் ஒரு சின்ன எண்ணைக் கொடுத்து, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு என்று கேட்கும். 2006க்கு முந்தைய தலைமுறைக் கார்டுக்கு அந்தக் கேள்வியே புரியாது, வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்த மௌனத்தை வைத்தே இது பழசு என்று ரீடர் புரிந்துகொள்ளும். அடுத்து ரீடர், "எனக்குப் பெரிய கார்டும் படிக்கத் தெரியும்" என்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ரீடர் அதைச் சொல்லாது. அப்போது எஸ்டிஹெச்சி என்கிற, 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு, "தயாராகிக்கொண்டிருக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும், கடைசிவரை தயாராகாது. அதனால்தான் உங்கள் பழைய ரீடரில் 2 ஜிபி கார்டு எடுக்கிறது, 8 ஜிபி எடுக்கவில்லை. ரீடருக்குத் தெரியாத முகவரி முறையில் பேசித் தவறான இடத்தில் எழுதி, கல்யாண ஃபோட்டோக்களை நாசமாக்குவதைவிட இது எவ்வளவோ மேல். முடியாது என்றால் முடியாது. எனக்குப் பிடித்த குணம்.

எம்.2 எஸ்எஸ்டி பற்றி ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு ஒருத்தர் இதில் மாட்டுகிறார். பார்க்க ஒரே அச்சில் இருக்கும் குச்சிதான், ஆனால் சில சாட்டா பேசும், சில அதைவிட வேகமான என்விஎம்இ பேசும். குச்சியில் ஒரு ஊசி தரையோடு சேர்ந்திருந்தால் சாட்டா, இல்லையென்றால் மற்றது. ஸ்லாட்டுக்கு இரண்டும் தெரிந்திருந்தால் பிழைத்தீர்கள். இப்போது இரண்டையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் யூஎஸ்பி பெட்டிகள் வருகின்றன. ரியல்டெக் 9210பி சிப் போட்டது ஒன்று கடையில் வைத்திருக்கிறேன். எந்தக் குச்சியைச் சொருகினாலும் எடுக்கும். ரிப்பேர்க்காரனுக்கு வரம்.

அந்தப் பெட்டிக்குள்ளும் இரண்டு மொழி உண்டு என்பது வேறு கதை. பழைய மொழியில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். 31 பைட்டில் ஒரு கடிதம் போகும், டேட்டா வரும், 13 பைட்டில் ஒரு ரசீது வரும், அப்புறம்தான் அடுத்த கடிதம். யூஏஎஸ் என்கிற புது மொழியில் பல வேலைகளை ஒன்றாகக் கொடுத்துவிட்டு எது முதலில் முடிகிறதோ வாங்கிக்கொள்ளலாம். ஹோட்டலில் ஒரு சர்வரிடம் ஒவ்வொரு இட்லியாக ஆர்டர் கொடுப்பதற்கும் மொத்த மேஜைக்கும் சேர்த்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம். பெட்டி இரண்டும் தெரியும் என்று சொல்லும், கம்ப்யூட்டர்தான் தேர்ந்தெடுக்கும். விண்டோஸ் 8லிருந்துதான் விண்டோஸுக்குப் புது மொழி இயல்பாகத் தெரியும். சில பெட்டிகள் தெரியும் என்று சொல்லிவிட்டுப் பாதியில் உளறும். அப்படிப்பட்ட பெட்டிகளுக்கென்றே லினக்ஸ்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், இவனிடம் புது மொழி பேசாதே என்று. ஊரில் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராதவர்கள் பட்டியலை டீக்கடைக்காரர் மனதில் வைத்திருப்பாரே, அந்த மாதிரி.

மறுநாள் அண்ணாச்சியின் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அச்சு பிளேட் எடுக்கும் மெஷினோடு சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 7. அதில் நீலப் போர்ட்டே இல்லை. அங்கே எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் 35தான். அதை மாற்றினால் பிளேட் சாஃப்ட்வேர் ஓடாது என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம். டிசைன் மெஷினில் சொருகி, நெட்வொர்க்கில் அனுப்பும்படி ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று காலையில் வந்துவிட்டது. எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினார்.

2009க்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். டிஸ்க் எதை மாட்டினாலும், மூடியைத் திருகும் முன்னால் எந்த வேகத்தில் பேசுகிறது என்று பார்ப்பேன். விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டால் இப்போதைய வேகம், அதிகபட்ச வேகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். 300, 600 என்று இருந்தால் ஏதோ தகராறு. யூஎஸ்பி டிஸ்க்காக இருந்தால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து ஒரு கட்டளை அடித்தால் 480 என்றோ 5000 என்றோ வரும். பார்த்த எண்ணை 199ஆம் வரியின் எண்ணோடு சேர்த்து பில்லிலேயே எழுதிவிடுவேன். அடுத்த தடவை மெஷின் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாமே.

போன மாதம் ஒரு பிரஸ்ஸின் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். "சார், பில்லுல எஸ்எஸ்டி 500 ஜிபின்னு போட்டு, கீழ 600, பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க. அறுநூறு ரூபா சேர்க்கணுமா, கழிக்கணுமா?"